கோட்டைக் கதவின் முட்கள்

எனக்கு ஒன்பது வயதானபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மார்க்கெட் பக்கத்துக் கோட்டையில் என் சித்தியைப் பெண் பார்த்தார்கள். அது பெண் பார்ப்பது என்று எனக்குத் தெரியாது. கோட்டை பார்க்கப் போகிறோம் என்றுதான் அம்மா சொல்லியிருந்தாள். நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டேன்.

அதற்கு முன் இரண்டு வரன்கள் வீட்டுக்கே வந்து, கேசரி சாப்பிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு டீச்சர் வேலையை விட்டுவிட வேண்டும் என்று சொல்லிப் போயிருந்தார்கள். இந்த முறை மாப்பிள்ளையிடம் தானே கேட்டுவிடுவதாகச் சித்தி பிடிவாதமாக இருந்தாள். பெண்ணும் பையனும் தனியாகப் பேசுவதாவது என்று தாத்தா மறுத்தார். கடைசியில் அம்மா ஒரு வழி சொன்னாள்: பொது இடம், தற்செயலாகச் சந்திப்பதுபோல, கூடவே ஒரு குழந்தை நிற்கும், பேசியதை வந்து தாத்தாவிடம் ஒப்பிக்கும்.

நாங்கள் குடியிருந்த ஜோகுபாளையத்திலிருந்து பஸ்ஸில் போனோம். எனக்குப் பெருத்த ஏமாற்றம். ஒரு பெரிய கல் வாசல், கொஞ்சம் மதில், உள்ளே ஒரு பிள்ளையார். மீதிக் கோட்டையெல்லாம் ரோடாகிவிட்டது என்றார் காவலாளி. அம்மாவும் மாப்பிள்ளை வீட்டு அம்மாவும் நிழலில் உட்கார்ந்து வரனைப் பற்றிப் பேசாமல் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். நான் சித்தியோடு வாசலுக்குப் போனேன். கண்ணாடி போட்ட ஒருவர் எங்களோடு நடந்தார்.

மரக்கதவில் வரிசை வரிசையாக இரும்பு முட்கள். யானை முட்டாமலிருக்க என்றார் அவர். “எத்தன இருக்குன்னு எண்ணுடி” என்றாள் சித்தி. எண்ணி எழுதினேன்.

“தப்பு. திரும்ப எண்ணு.”

இரண்டாம் முறை நான்கு கூடியது. மூன்றாம் முறையும் அதே எண் வந்தது.

“மறுபடியும் தப்பு.”

“நீ கதவப் பாக்கவே இல்லயே சித்தி.”

அவர் சிரித்தார். “டீச்சர் சொன்னா கேட்டுக்கணும் பாப்பா. நானே கேட்டுக்கலாம்னு இருக்கேன்.”

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். நான் நான்காம் முறை எண்ணினேன்.

மாலையில் தாத்தா கூப்பிட்டுக் கேட்டார். “ரெண்டு பேரும் என்ன பேசிக்கிட்டாங்க?”

நோட்டைப் பிரித்துப் படித்தேன். கல்லில் செதுக்கிய தாமரைகள் இத்தனை, முட்கள் இத்தனை, நான்கு முறை சரிபார்த்தது. தாத்தா அம்மாவை முறைத்தார்.

“இவள எதுக்கும்மா அனுப்பின? இவ அண்ணன அனுப்பியிருந்தா ஒரு வார்த்த விடாம சொல்லியிருப்பான்.”

“தோணலப்பா” என்றாள் அம்மா.

அன்று சித்தி வேலையை விடச் சொல்வீர்களா என்று கேட்டாளாம். அவர் நேராகப் பதில் சொல்லாமல், தன் வீடிருந்த தொம்மலூரிலிருந்து அவள் பள்ளிக்கு எத்தனை பஸ் மாற வேண்டும் என்று விசாரித்தாராம். அந்தப் பள்ளியில்தான் சித்தி போன வருடம்வரை பாடம் நடத்தினாள். ஓய்வு பெற்ற நாளில், சித்தப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்கு இதைச் சொன்னாள்.

தாத்தாவின் முன்னால் அன்று எனக்கு அழுகை வந்தது. வேலையைச் சரியாகச் செய்தும் அண்ணன்தான் மேல் என்றால் எப்படி? எண்ண ஏதாவது கிடைத்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் எனக்குக் கேட்காது என்பது வீட்டில் அம்மாவுக்கு மட்டும்தான் நன்றாகத் தெரியும். எதையும் மறக்காத அம்மா, அண்ணனை அனுப்பத் தோன்றவில்லை என்று சொன்னதை நான் அப்படியே நம்பினேன்.