அத்தையின் பவளத்தை வளர்த்த கதை

கடலடியில் இருக்கும் முருகைக்கல்லுக்கு உயிர் உண்டு என்று ஐந்தாம் ஆண்டில் டீச்சர் சொன்னபோது எனக்கு நம்ப முடியவில்லை. உப்புத் தண்ணீர் வேண்டும், அது இளஞ்சூடாக இருக்க வேண்டும், வெயில் அடிவரை இறங்கத் தெளிவாகவும் இருக்க வேண்டும். அப்படியிருந்தால் அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டே போகுமாம். மோதிரத்தில் போடும் பவளமும் அந்த வம்சம்தான் என்றார். மோதிரத்தில் இருப்பது செத்ததன் எலும்பு என்று சொன்னாரோ என்னவோ, நான் காதில் வாங்கவில்லை. கண்டியில் உப்பும் சுடுதண்ணீரும் தாராளம். கடல்தான் இல்லை. அதை நான் ஒரு குறையாக நினைக்கவில்லை.

பவளம் வீட்டிலேயே இருந்தது. அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். அவளுக்குச் செவ்வாய் தோஷம். கடுகண்ணாவையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார், நிச்சயதார்த்தத்துக்குப் பவள மோதிரம் விரலில் இருந்தே ஆகவேண்டும் என்றார்கள். கல்யாணத்தோடு கந்தோரில் பார்க்கும் கிளார்க் வேலையை விட்டுவிட வேண்டும் என்றும் சொன்னார்கள். அப்பா இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு, மோதிரத்தையும் வாங்கி வந்தார். அத்தையை யாரும் கேட்டதாக ஞாபகமில்லை.

அவள் குளிக்கப் போன நேரம் மோதிரத்தை எடுத்தேன். ஜாம் போத்தலில் உப்புத் தண்ணீர் கலந்து, அதைப் போட்டு, வெயில் விழும் ஜன்னலில் வைத்தேன். கல்யாணத்துக்குள் கல் கொஞ்சம் பெரிதானால் எல்லோருக்கும் சந்தோஷம்தானே!

வீடு தலைகீழானது. அம்மா அழுதாள். அப்பா குளியலறைப் பைப்பையே கழற்றிப் பார்த்தார். நான் பயத்தில் வாயைத் திறக்கவில்லை. போத்தலைக் கண்டுபிடித்தது அத்தைதான். அடி நிச்சயம் என்று கண்ணை மூடிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் போத்தலைத் தன் அலுமாரியில் சேலைகளுக்குப் பின்னால் வைத்துப் பூட்டினாள்.

"அத்தை, வெயில் படாட்டி அது செத்துப் போயிரும்."

"சாகாதுடி. நீ யாருக்கிட்டயும் சொல்லாம இரு, போதும்."

வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மாவின் கண் நேராக அத்தையின் விரலுக்குப் போனது.

"மோதிரம் எங்கம்மா?"

"தொலைஞ்சி போச்சுங்க" என்றாள் அத்தை. முழுப் பூசணிக்காயை அவ்வளவு நிதானமாகச் சோற்றில் மறைத்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அபசகுனம் என்று அவர்கள் கேசரியைக்கூடத் தொடாமல் எழுந்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை அத்தை எப்போதும்போலக் கந்தோருக்குக் கிளம்பினாள். போகும்போது என் கையில் ஒரு சொக்லட்டைத் திணித்தாள். வாங்கிக்கொண்டேனே தவிர, நான் அவளுக்கு முகம் கொடுக்கவில்லை. நல்ல வெயிலில் வளர்ந்திருக்க வேண்டியதை இப்படி இருட்டில் பூட்டி வைத்துவிட்டாளே என்று எனக்கு அவள்மேல் ஒரே ஆத்திரம்.