தோல் ஷெட் ஓரத்துச் செம்பருத்தி

இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். அவை எவ்வளவு திறந்திருக்கின்றன என்று அளப்பது என் வேலை. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷெட்டை ஒட்டிய ஒரு வீட்டு வாசலில் செம்பருத்தி இருந்தது. மத்தியான வெயிலுக்கு என்னை உள்ளே உட்காரச் சொன்னார் அந்த வீட்டு அம்மா. ஒடிசலானவர், முந்தானை எப்போதும் மூக்கருகே இருந்தது. மூடிக் கிடந்த ஜன்னலை எனக்காக விரல் அளவு திறந்து, அது சாத்திக்கொள்ளாதபடி ஒரு தோல் துண்டைச் செருகினார். ஷெட் நாற்றம் உடனே உள்ளே வந்தது.

இலையடியில் நெயில் பாலிஷ் தடவி, காய்ந்ததும் துளைகளின் அச்சோடு அதை உரித்து, கொண்டுபோயிருந்த மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். அவரும் குனிந்து பார்த்தார்.

"இன்னா சார், எல்லாம் மூடிக்கினு இருக்குது?"

"இந்த வெயில்ல தெறந்தா காஞ்சிடும்மா."

"மூடியே இருந்தா?"

"காத்து உள்ள போகாது. பசியில கெடக்கும்."

கட்டிலில் படுத்திருந்த அவர் கணவர் இருமத் தொடங்கினார். அந்த அம்மா தோல் துண்டை உருவி ஜன்னலைச் சாத்தினார்.

"வீட்ட வித்துட்டு வேற எங்கனா போய்டலாமே?" என்றேன்.

"இத எவன் வாங்குவான்? அந்தச் செடிய மொதல்ல போகச் சொல்லுங்க சார்."

சொல்லும்போது அவர் சிரித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. முந்தானை வாயையும் சேர்த்து மூடியிருந்தது.