சீண்டாதவனுக்கு விழுந்த அடி

இந்த ஊரில் நான் "ஓம்" என்றால் பால்காரர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். யாழ்ப்பாணத்தில் ஆமாம் என்பதற்கு அப்படித்தான் சொல்வோம் என்று விளக்கி அலுத்துவிட்டேன். மதுரை மிஷன் பள்ளிக்கு இங்கிலீஷ் வாத்தியாராகக் கப்பலேறி வந்தவனுக்குத் தமிழிலேயே இத்தனை இடறல். இருந்தும் ஊரிலிருக்கும் உங்களுக்கு இன்று ஓர் இங்கிலீஷ் சொல்லைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அன்ப்ரவோக்ட். சீண்டாதவனைப் போய்த் தாக்குவதற்கு முன்னால் போடும் அடைமொழி. நாம் வலுச்சண்டை என்போமே, அதற்குக் கிட்ட வரும். கூட்டம் போலீசைத் தாக்கினால் பத்திரிகையில் அந்த அடைமொழி உண்டு. போலீஸ் கூட்டத்தைத் தாக்கினால் கிடையாது.

என் அறைக்குக் கீழே தையல் கடை வைத்திருக்கும் மீரான் பாய்க்காக அதை நான் எழுதினேன். போன வாரம் பட்டப்பகலில், காஜா எடுத்துக்கொண்டிருந்த மனிதரை ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து லத்தியால் அடித்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுபடி சைக்கிளேறிப் போய்விட்டான். முறிந்த விரல்கள் கூடிவிடும் என்றார் டாக்டர். ஆனால் பாய் கடையைத் திறக்கவில்லை.

அவர் மனைவி கெஞ்சியதால் போலீஸ் மேலதிகாரிக்கு இங்கிலீஷில் மனு எழுதி, படித்துப் பொருள் சொன்னேன். பாய் பேனாவைத் தொடவில்லை.

"காரணம் இல்லாமன்னு போடாதீங்க சார். சலாம் வைக்கலன்னு போடுங்க. இல்ல, மொறச்சேன்னு போடுங்க."

"நீங்கள் முறைச்சுப் பார்த்தனீங்களோ?"

"இல்ல சார். ஏதாச்சும் காரணம் இருந்தா, நாளைக்கு அதச் செய்யாம இருந்துக்கிருவேன். ஒண்ணுமே இல்லேன்னா எம்புட்டு நாளைக்கு வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்லின் பொருளை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த எனக்கு, அதோடு ஒரு மனிதன் எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று தெரியவில்லை. மனு கையெழுத்தில்லாமல் கிடக்கிறது.

நேற்று மாலை அவரே மாடியேறி வந்தார். "உங்க ஊர்ல சும்மா அடிக்க மாட்டாங்கல்ல சார்? அங்கிட்டு ஒரு மிஷினு போட எடம் கெடைக்குமா?"

"எங்கட ஊரில்..." என்று பெருமையாகத் தொடங்கினேன். கள் இறக்கும் ஒருவனைச் சந்தையில் நம்மவர் சிலர் மறித்து அடித்ததும், "அவன் என்ன செய்தவனாம்?" என்று கேட்டுவிட்டு நாமெல்லாம் மீன் விலை பேசப் போனதும் நினைவுக்கு வந்தன.

கப்பல் எப்போது போகும் என்று கேட்டுக்கொண்டு பாய் உட்கார்ந்திருந்தார், தெருவுக்கு முதுகைக் காட்டாமல், சுவரோரமாக. போங்கள் என்று சொல்ல என்னிடம் ஓர் ஊர் இல்லை. இருங்கள் என்று சொல்லவும் ஓர் ஊர் இல்லை.