இரவல் சொல்லுக்கு மட்டும் புள்ளி

சுவிசின் வில் நகரத் தொழிற்சாலை ஒன்றின் களஞ்சியத்தில் நானும் அவரும் பல வருடங்கள் ஒன்றாக வேலை செய்தோம். அவர் துருக்கியின் தென்கிழக்கு மலைகளிலிருந்து வந்த சுரியானிக் கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் தீயாக்கோனாக நின்று வேதம் வாசிப்பார். நான் யாழ்ப்பாணத்துச் சைவன், பட்டதாரி. பெட்டி அடுக்குவதற்குப் பட்டம் இடைஞ்சலாக இருக்கவில்லை. மாலைகளில் வதிவிட அனுமதி, குடும்ப இணைவு, பிரசாவுரிமை என்று எங்களுடைய ஆட்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தேன். இந்த நாட்டில் பிறப்பதற்கும் சாவதற்கும் என்னென்ன நடைமுறை என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இருவரும் ஓய்வு பெற்ற பிறகு, ரயில் நிலையத்துக்கு முன்னாலிருந்த கோப்பிக் கடையில் சந்திப்பது வழக்கமாயிற்று. எங்களுக்குப் பொதுவாக இருந்தது களஞ்சியத்தில் கற்ற உடைந்த ஜேர்மன். அதில் அவர் சொன்னவற்றை நான் என்னுடைய தமிழில்தான் எழுத முடியும்.

விளையாட்டைத் தொடங்கியவர் அவர். தன்னுடைய மொழி யேசு பேசிய மொழியின் பிள்ளை என்று ஒருநாள் பெருமை அடித்தார். எங்களுடையது அதைவிடக் கிழவி என்றேன்.

"அப்ப பாப்பம், ஆரின்ர வீட்டில இரவல் சாமான் கூட எண்டு" என்றார்.

கதிரை, யன்னல், அலுமாரி, சப்பாத்து எல்லாம் போர்த்துக்கேயன் விட்டுப்போனவை, கந்தோர் ஒல்லாந்தன் தந்தது என்று நான் அடுக்கினேன். அவர் கிரேக்கத்திலிருந்து வந்தவற்றை எடுத்து வைத்தார். சட்டத்துக்கு நொமூசோ. ஒழுங்குக்குத் தெக்சோ. முகத்துக்குப் பர்சூஃபோ. திறப்புக்குக் க்லீதோ.

"முகத்துக்குமோ இரவல்?" என்றேன். "அப்ப கண்ணாடியில ஆரைப் பாக்கிறனீர்?"

"நீர் யன்னல் இல்லாத வீட்டில இருந்தனீர். முதல்ல வெளிச்சத்தைப் பாரும்" என்றார்.

அந்நியனுக்கு அவர்கள் சொல்வது அக்ஸ்னோயோ. அதுவும் கிரேக்கம். வந்தவனைக் குறிக்கிற சொல்லும் வந்ததுதான் என்று அன்று முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தார்.

விதி ஒன்றே ஒன்று. இரவல் சொல்லுக்கு மட்டும் புள்ளி. சொந்தச் சொல்லைச் சொன்னால் மற்றவர் கையை உதறிவிடுவார். அதனால் அவருடைய மொழியில் சட்டமும் ஒழுங்கும் எனக்குத் தெரிந்தன. தண்ணீருக்கு என்ன, நோவுக்கு என்ன, அம்மாவுக்கு என்ன என்று நான் கேட்டதே இல்லை. அவற்றுக்குப் புள்ளி இல்லை.

பிறகு அவருக்குப் பாரிசவாதம் வந்தது. மனைவி முன்பே காலமாகிவிட்டாள். ஒரே மகள் சுவீடனில். வலக்கை போயிற்று, கூடவே ஜேர்மனும் போயிற்று. நாற்பது வருடத்துக்குக் கிட்டப் பேசிய மொழி, விருந்தாளி மாதிரி ஒரு வார்த்தையும் சொல்லாமல் எழுந்து போய்விட்டது. துருக்கியும் போய், பிள்ளைப் பராயத்துச் சுரியானி மட்டும் மிஞ்சியது. முதியோர் இல்லத்தில் அந்த மொழி அறிந்தவர் ஒருவருமில்லை.

மாசிக் கடைசியில் அவர் சாப்பாட்டைத் தள்ளத் தொடங்கினார். விழுங்குவது கடினம் என்பதால் அவருக்கு மென்மையான உணவு மட்டுமே கொடுத்தார்கள்: யோகர்ட், புடிங், பாலில் கரைத்த உருளைக்கிழங்கு. இடக்கையால் கிண்ணத்தை விலக்கி ஏதோ ஒரு சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். பிரிவுப் பொறுப்பாளரான பெண் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"அவர் போக விரும்புறார்போல" என்று தணிந்த குரலில் சொன்னார். "சாப்பாட்டை மறுத்தால் வற்புறுத்தக் கூடாது எண்டு அவரே எழுதி வைச்சிருக்கிறார். நாங்கள் அதை மதிக்கவேணும்."

அந்த நோயாளர் விருப்ப ஆவணத்தை அவருக்காக நிரப்பியவன் நான். அதில் ஒரு குறையும் இல்லை. இல்லமும் ஓர் எழுத்துப் பிசகாமல் அதன்படி நடந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பாண் வாங்கக் கடைக்குள் போனேன். வாசலிலேயே பொன் தாள் சுற்றிய சொக்லேட் முயல்கள் அணிவகுத்து நின்றன. உயிர்த்த ஞாயிறு வருகிறது. முயல்களுக்கு முன்னாலேயே நின்றுவிட்டேன். ஒவ்வொரு வருடமும் இந்த வாரங்களில் அவர் கோப்பிக்குப் பால் விடமாட்டார். இறைச்சி, முட்டை, வெண்ணெய் ஒன்றும் தொடமாட்டார். அதற்கு உங்கள் சொல் என்ன என்று ஒருமுறை கேட்டிருந்தேன்.

"அது எங்கட சொந்தச் சொல்லு. உமக்குப் புள்ளி இல்லை" என்று சொல்லிக் கறுப்புக் கோப்பியைக் குடித்தார். நானும் விட்டுவிட்டேன்.

பாணை மறந்து இல்லத்துக்கு ஓடினேன். இது மறுப்பு இல்லை, விரதம் என்றேன். பொறுப்பாளர் நல்ல மனுஷி. ஆனால் நான் உறவினன் இல்லை. உணவுத் திட்டத்தை மாற்ற மகளின் சம்மதம் வேண்டும், பிறகு மருத்துவரின் ஒப்பம் வேண்டும். நடைமுறை சரிதான், நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். மகளைத் தொலைபேசியில் பிடித்தேன். அவள் அழுதாள்.

"நோயாளிக்கு விரதம் இல்லை, மாமா. எங்கட சபையே விலக்குக் குடுத்திருக்கு. அப்பாவுக்குச் சொல்லுங்கோ."

எந்த மொழியில் சொல்வது? தொலைபேசியை அவருடைய காதில் வைத்தேன், அவளே பேசினாள். அவர் தொலைபேசியைச் சந்தேகமாகப் பார்த்தார். அவருடைய தேவாலயத்துக் குருவானவரை அழைத்தேன், ஞாயிறுதான் வர முடியும் என்றார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

"பால் இல்லை, நெய் இல்லை, முட்டை இல்லை. அவ்வளவுதானே?" என்றாள். "எங்கட வெள்ளிக்கிழமைச் சமையலப்பா அது. இதுக்கு ஏன் முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறியள்?"

சோற்றையும் பருப்பையும் களியாகக் குழைத்துத் தந்தாள். மகளின் சம்மதமும் மருத்துவரின் ஒப்பமும் அடுத்த நாள் மத்தியானம் கிடைத்தன. கரண்டியை அவர் வாயருகில் கொண்டுபோனேன். அவர் வாயைத் திறக்கவில்லை. மணந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நொமூசோ?" என்றார்.

சட்டப்படியானதா என்று கேட்கிறார். என்னிடமிருந்த ஒரு கைப்பிடிச் சொற்களில் அது ஒன்று.

"நொமூசோ" என்றேன். "நொமூசோ, நொமூசோ."

அவர் வாயைத் திறந்தார்.

ஞாயிறு வரை அப்படிச் சாப்பிட்டார். குருவானவர் வந்து விலக்கை எடுத்துச் சொன்னபோது அமைதியாகக் கேட்டார். அதற்குப் பிறகும் யோகர்ட்டைத் தள்ளினார். என் மனைவியின் சோற்றைத் தின்றார். ஆனால் உடம்பு முன்பே இளைத்துவிட்டிருந்தது. சளி பிடித்தது, நெஞ்சுக்குள் இறங்கியது. உயிர்த்த ஞாயிறுக்கு முன்னரே போய்விட்டார். கடைசி மத்தியானம் எதையோ நீளமாகச் சொன்னார். கெஞ்சலா, பகிடியா, எனக்கு விளங்கவில்லை. அதில் ஒரு சொல்கூட இரவல் இல்லை. நான் தலையாட்டினேன்.

அடக்கத்தின்போது நீண்ட செபம். தெக்சோ ஒருமுறை காதில் விழுந்தது, ரயிலில் போகிற தெரிந்த முகம்போல. மற்றவை என்னைத் தாண்டிப் போயின.

பிறகு மண்டபத்தில் பாண், ஒலிவ், அவித்த கடலை. தவக்காலம் முடியவில்லை. குருவானவர் பக்கத்தில் உட்கார்ந்தார். என் நண்பர் கிண்ணத்தைத் தள்ளித் தள்ளிச் சொன்ன சொல் எதுவாக இருக்கும் என்று கேட்டேன். விரதத்துக்கு என்ன சொல்வீர்கள் என்றும் கேட்டேன்.

"சௌமோ" என்றார். "அதுவாத்தான் இருக்கும். ஏன்?"

பதில் சொல்வதற்குள் கோப்பி வந்தது. வெளியாட்களுக்கென்று ஒரு சின்னக் குவளையில் பால் வைத்திருந்தார்கள். ஒரு பெண் அதை என் கோப்பைக்கு மேலே சரித்து, விடவா என்று ஜேர்மனில் கேட்டாள்.

"சௌமோ" என்றேன். உச்சரிப்புப் பிழைத்திருக்க வேண்டும், அவள் ஒரு கணம் விழித்தாள். பிறகு குவளையை எடுத்துக்கொண்டு போனாள்.