பேட்ச் பேனலுக்கு வைத்த பொட்டு

அவன் கட்டிய ரேக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இதில் மறைக்க என்ன இருக்கிறது? எரியும் என்றால் எரியும்தான்.

நாங்கள் இருவரும் அம்பத்தூரில் ஒரே கான்ட்ராக்டரிடம் நெட்வொர்க் கேபிள் வேலை பார்க்கிறோம். ஏறக்குறைய ஒன்றாகவே சேர்ந்தவர்கள். நான் நெமிலிச்சேரி, அவன் பாரிவாக்கம். ஓர் அலுவலகத்தின் எல்லா மேஜைகளிலிருந்தும் வரும் கேபிள்கள் ஒரு சின்ன அறையில் வந்து சேரும். அங்கே ஆளுயரத்துக்கு ஓர் இரும்பு ரேக் நிற்கும். வந்த கேபிள்களை ஒழுங்குபடுத்தி அதில் கட்டி வைப்பது அவன் வேலை. ஒவ்வொரு கேபிளும் சரியாக வேலை செய்கிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்ப்பது என் வேலை.

அவன் முடித்த ரேக் எண்ணெய் வைத்து வாரிப் பின்னிய சடை மாதிரி இருக்கும். ஒரு கேபிள் இன்னொன்றின் மேல் ஏறாது. வளைகிற இடத்தில்கூட எல்லாம் ஒரே மாதிரி வளையும். கஸ்டமர்கள் கதவைத் திறந்ததும் "அடடா!" என்பார்கள். செல்போனை எடுப்பார்கள். இவன் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டுவான். அந்த நேரத்தில் நான் யாராவது ஒரு கிளார்க்கின் மேஜைக்கு அடியில், கழற்றிப் போட்ட செருப்புக்கும் குப்பைக்கூடைக்கும் நடுவில், டெஸ்டரின் மறுமுனையைச் சொருகிக்கொண்டு மண்டி போட்டிருப்பேன். டெஸ்டரில் 'பாஸ்' என்று வருவதை யார் போட்டோ எடுக்கிறார்கள்? ஒரு புண்ணியவான்கூட எடுத்ததில்லை.

இப்படியே மண்டி போட்டுப் போட்டு என் முழங்கால் இரண்டும் போய்விட்டன. ரயிலில் நெமிலிச்சேரி போய் இறங்கினால், படிக்கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிழவன் மாதிரிதான் நடப்பேன். அதனால்தான், குத்தம்பாக்கம் பக்கம் கட்டுகிற பெரிய கிடங்கின் கேபிள் வேலை எங்களுக்குக் கிடைத்திருக்கிறது, உங்கள் இருவரில் ஒருவரை இன்சார்ஜாகப் போடப் போகிறேன் என்று முதலாளி சொன்னதும் எனக்கு உயிரே அதில்தான் இருந்தது. இன்சார்ஜ் மேஜைக்கு அடியில் தவழ வேண்டாம். நின்றுகொண்டு சொன்னால் போதும். வீட்டில் என் மனைவியிடம், அந்த வேலை எனக்குத்தான் என்றே சொல்லிவிட்டேன். அவளும் அவள் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஆயுத பூஜை வந்து தொலைத்தது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நாங்கள் புதிதாக வேலை முடித்துக் கொடுத்த ஒரு கம்பெனியில், பூஜைக்கு அவனை மட்டும் கூப்பிட்டிருந்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை. அதே ரேக்கில் ஒவ்வொரு கேபிளையும் சோதித்துக் கொடுத்தவன் நான். ஆனால் என் முகம் அங்கே யாருக்கு ஞாபகம் இருக்கும்? என் முதுகைத்தானே பார்த்திருப்பார்கள்! சாயங்காலம் அவன் ஸ்டேட்டஸ் போட்டிருந்தான். வழக்கமாக ஜெனரேட்டருக்கு நடக்கிற பூஜையை அந்த வருடம் அவன் ரேக்குக்கே நடத்தியிருந்தார்கள். சாமந்தி மாலை, வாழைக்கன்று, பொரி, திருஷ்டிப் பூசணி. ரேக்குக்குத் திருஷ்டி கழித்தார்களாம்! சுற்றிப் போட வேண்டியது என் கண்ணுக்குத்தான் என்று யாருக்கும் தெரியாது.

நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மனைவி, "இன்னாத்துக்கு அந்தப் போனையே மொறைச்சிக்கினு கீறே?" என்றாள். கொண்டைக்கடலைச் சுண்டலை எடுத்து வாயில் போட்டேன். அதுவும் வேகவில்லை.

லீவு முடிந்து கம்பெனி திறந்த காலையில் முதலாளி கூப்பிட்டார். அந்தக் கம்பெனியில் நிறைய கம்ப்யூட்டர்களுக்கு நெட் விட்டுவிட்டு வருகிறதாம், போய்ப் பார் என்றார். டெஸ்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும்போது எனக்கு இருந்த குஷியை என்னவென்று சொல்வது! அழகுக்காகக் கேபிள் கட்டுகிற பிளாஸ்டிக் டேக்கை இறுக்கியிருப்பான், உள்ளே கம்பி நசுங்கியிருக்கும் என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டே போனேன். நசுங்கியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேகூடப் போனேன். வழியில் அவன் போனில் கூப்பிட்டான். நான் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தான். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ரேக் கதவைத் திறந்தேன். காய்ந்த சாமந்தி வாசனை. கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். பாவி, எங்கேயும் இறுக்கவில்லை. ஒரு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வாக, துணிப்பட்டையால் கட்டியிருந்தான். ஒரு கேபிளில்கூட நசுங்கல் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிடும் போல் இருந்தது. டெஸ்டரோ ஒரு தடவை பாஸ் என்கிறது, சொருகியதைக் கொஞ்சம் அசைத்தால் ஃபெயில் என்கிறது.

அப்புறம்தான் டார்ச் அடித்துப் பேட்ச் பேனலைப் பார்த்தேன். மேஜைகளிலிருந்து வரும் கேபிள்கள் பின்பக்கம் முடிகிற பட்டை அது. முன்பக்கம் வரிசையாகத் துளைகள் இருக்கும், அவற்றில்தான் சின்ன ஒயர்களைச் சொருகுவோம். ஒவ்வொரு துளைக்கும் மேலே ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். கரைத்த சந்தனம் வழிந்து துளைக்குள்ளே இறங்கி, மயிரிழை மாதிரி இருக்கும் செம்புக் கம்பிகளின் மேல் காய்ந்து மஞ்சளாகப் படிந்திருந்தது.

பின்னால் வந்து நின்ற அட்மின் மேடம், "உங்க ஆளே ஒயரையெல்லாம் கழட்டி, துடைச்சு, ஒவ்வொண்ணுக்கும் பொட்டு வெச்சார் சார். எவ்ளோ பக்தி!" என்றார்.

பக்தியா! எங்கள் தொழிலில் எல்லோரும்தான் பொட்டு வைக்கிறோம். நானும் என் டெஸ்டருக்கு வைத்தேன், முதுகில். ரேக்குக்கு வைப்பதானால் கதவில் வைக்க வேண்டும். போயும் போயும் துளைக்கு மேலேயா வைப்பது? ரேக் மேல் அவனுக்கு இருந்த ஆசையில் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளைக்கு அலங்காரம் பண்ணுகிற மாதிரி பண்ணிவிட்டான்.

எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. முதலில் போட்டோ எடுத்தேன். நன்றாகத் தெரிகிற மாதிரி, டார்ச்சைப் பக்கத்தில் பிடித்து எடுத்தேன். பிறகு ஸ்பிரிட்டும் சின்ன பிரஷ்ஷும் வைத்துத் துளைகளைச் சுத்தம் செய்தேன். ஒவ்வொரு மேஜைக்கும் அடியில் போய் மறுபடி சோதித்தேன். எல்லாம் பாஸ். அன்றைக்கு முழங்கால் வலித்ததா என்றுகூட ஞாபகமில்லை.

திரும்பும் வழியில், ஷேர் ஆட்டோவில், முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். 'சார், அவன் மேல் தப்பு சொல்றேன்னு நினைக்காதீங்க' என்று ஆரம்பிக்கலாம். இல்லை, 'அவனுக்கு வேலை தெரியும் சார், பொறுப்புதான் பத்தாது' என்று சொல்லலாம். இரண்டாவதுதான் நன்றாக இருந்தது. அதை வாய்க்குள்ளேயே இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

முதலாளியின் அறைக்குள் போனால் அவன் அங்கே நிற்கிறான்.

"வாப்பா, பொட்டுதானே?" என்றார் முதலாளி. "அந்த மேடம் இவனுக்குப் போன் பண்ணி, பூஜைக்கு அப்புறம் நெட் சரியில்லைன்னு சொன்னாங்களாம். உடனே இவனுக்குப் புரிஞ்சுபோச்சு. ஆவடி சைட்டை விட்டுட்டு நேரா வந்து, தப்பு என்னுது சார்னு நிக்கிறான்."

ஒத்திகை பார்த்ததெல்லாம் வீண். காட்டுவதற்காகக் கையில் வைத்திருந்த போனைச் சட்டைப்பைக்குள் போட்டேன். "எல்லாம் கிளீன் பண்ணிட்டேன் சார்" என்றேன்.

"தப்பு யாருக்கும் நடக்கும்பா. நடந்ததைத் தானா வந்து சொல்றான் பாரு. கிடங்கு வேலைக்கு எனக்கு அப்படி ஒரு ஆள்தான் வேணும். இவனையே இன்சார்ஜாப் போட்டுடறேன். உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன சார், சந்தோஷம்தான்" என்றேன். என் உடம்பு முழுக்க நெருப்பு. கையும் களவுமாகப் பிடித்தேனே, அந்தத் தப்பை வைத்தே அவன் மேலே ஏறிவிட்டானே! நான் கண்டுபிடித்ததைக்கூட எனக்கென்று விட்டுவைக்கவில்லையே!

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். எனக்குச் சர்க்கரை கம்மி என்று அவனே கடைக்காரரிடம் சொல்லிக் கிளாஸை வாங்கி என் கையில் கொடுத்தான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"உனுக்கு எத்தினி வாட்டி போன் அடிச்சேன் மாமே, எடுக்கவே இல்ல" என்றான்.

"வேலைல இருந்தேன்."

"அதான் பயந்துகினே ஓடியாந்தேன். நீ பொட்டப் பாத்துட்டு, எனக்கோசரம் எலி கடிச்சிச்சி, அது இதுன்னு மொதலாளியாண்ட எதுனா பொய் சொல்லி மாட்டிக்குவன்னு. என்னிய எங்கடா காட்டிக்குடுக்கப் போற நீ? அதான் நானே சொல்லிட்டேன்."

டீ நாக்கைச் சுட்டது. சட்டைப்பையில் அந்தப் போட்டோவோடு போன் கிடந்தது. அவன் என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான்.

"பின்ன, சொல்லுவேனா?" என்றேன்.