பறக்கிறவளுக்குத்தான் ஜெபம்

சென்னையிலேருந்து சிங்கப்பூருக்கு ஃப்ளைட்ல நாலு மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே. தூரம் மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. நான் தேடிப் படிச்சதில்ல இதெல்லாம். அம்மா பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. "பெரியவ சிங்கப்பூர்ல. நாலு மணி நேரம்தான், நினைச்சா வந்துடுவா." அவ நினைக்கிறது வருஷத்துக்கு ஒரு தடவை. சின்னவ நான் இரும்புலியூர்ல அம்மாகூடவே இருக்கேன், காட்டாங்குளத்தூர்ல ஒரு காலேஜ் ஆபீஸ்ல வேலை. இதைப் போய் யார்கிட்ட பெருமையா சொல்றது?

எங்க வீட்டுல யாராவது பயணம் கிளம்பினா, ஹால்ல நிக்க வெச்சு, தலையில கை வெச்சு அம்மா ஜெபம் பண்ணுவாங்க. அக்காவுக்கு அது சின்னப் பிரசங்கம் மாதிரி நீளும். பைலட்டுக்கு ஜெபம், இன்ஜினுக்கு ஜெபம், மேகத்துக்குக்கூட ஜெபம். டாக்ஸிக்காரர் வெளியில ஹாரன் அடிச்சாலும் நிக்காது. தினமும் வேலைக்குப் போற எனக்கு, "கேட்டைச் சாத்திட்டுப் போ." அவ்வளவுதான். வயித்தெரிச்சலா இருக்குமா இருக்காதா, நீங்களே சொல்லுங்க.

போன தடவை அக்கா திரும்பிப் போன அன்னைக்கு, அவ ஃப்ளைட் ஏறின கொஞ்ச நேரத்துல மழை பிடிச்சுக்கிச்சு. வேலை முடிஞ்சு வெளியில வந்தா, லோக்கல் ட்ரெயின் நின்னு போச்சு. பஸ்ஸைப் பிடிச்சேன். கூடுவாஞ்சேரில நின்னுது, வண்டலூர்ல நின்னுது, பெருங்களத்தூர்ல அசையவே இல்ல. கடைசில இறங்கி, முழங்கால் தண்ணியில நடந்து வந்தேன். நடுவுல போனை எடுத்துப் பார்த்தேன். அம்மாகிட்டேருந்து ஒரு மிஸ்டு கால் கிடையாது.

நான் சொட்டச் சொட்ட உள்ள நுழையறேன், அம்மா நிமிரவே இல்ல. கையில போன். அதுல அக்கா ஃப்ளைட் எங்க போகுதுன்னு காட்டற மேப், குட்டி மஞ்சள் விமானம் ஒண்ணு கடலைத் தாண்டி சிங்கப்பூர்ல போய் நிக்குது. காலையிலேருந்து தண்ணிகூடக் குடிக்கலையாம். அப்பதான் அக்கா இறங்கிட்டேன்னு போன் பண்ணினா. "ஸ்தோத்திரம்! சாப்பிட்டியாம்மா? நனைஞ்சியா?"ன்னு அம்மா கேட்டாங்க. ஏரோப்ளேனுக்குள்ள எங்க நனையறது?

எனக்கு வந்துதே ஒரு கோவம்! ஈரப் பையைத் தரையில வீசினேன். "அவ சிங்கப்பூரே போய்ச் சேர்ந்துட்டா, நான் இப்பதான் வரேன். எனக்கு ஒரு வரி ஜெபம் பண்ணினா உன் சாமி கோச்சுக்குமா?"

அம்மா கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பார்த்தாங்க. "உனக்கு எதுக்குடி? நீ எப்படியும் வந்துடுவே."

நல்ல வார்த்தைதான். ஆனா எனக்கு அது வேணாம். நான் வராமப் போயிடுவேனோன்னு ஒருத்தர் ஒரு தடவையாவது பயப்படணும், அக்காவுக்குப் பயப்படற மாதிரி. சாப்பிடாமலே போய்ப் படுத்துட்டேன்.

மறுநாள் காலையில செருப்பு மாட்டப் போனேன். "நில்லு"ன்னாங்க. கிட்ட வந்து தலையில கை வெச்சாங்க. "ஆண்டவரே, என் சின்னப் பொண்ணு வேலைக்குப் போறா. ரோட்டுல அவளைப் பத்திரமா பார்த்துக்கும்..." இன்னும் சொல்லட்டும்னு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன்.

"அப்படியே என் பெரியவ, கண்காணாத ஊர்ல தனியாக் கிடக்கிறாளே..." அங்கதான் அம்மா குரல் உடைஞ்சுது. அதுக்கப்புறம் ஜெபம் பூரா அவதான். கை என் தலையிலதான் இருந்தது, அழுகை அவளுக்கு. அதுக்கும் நான்தான் ஆமென் சொன்னேன்.