கனத்துக்கு வைத்த இரும்பு

மெர்சிக்குத் தேர்வாய் கண்டிகையில் பிளாஸ்டிக் மூடி செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. மூடிகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். ஓரம் பிசிறடித்தது, திருகு சரியாக ஏறாதது, நிறம் மங்கினது எல்லாவற்றையும் பொறுக்கிச் சிவப்புக் கூடையில் வீச வேண்டும். நல்ல மூடியைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை. அது பாட்டுக்குப் போகும்.

"நாள் பூரா கொற கண்டுபுடிக்கிறதுக்குச் சம்பளம் வாங்குறவ, ஊட்டுக்கு வந்து மட்டும் கொழம்பு நல்லாருக்குன்னு சொல்லுவாளா?" என்பார் அவள் புருஷன் ராபின். அவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். சமையலும் பாதி நாள் அவருடையதுதான், அதனால் இந்தக் கேள்வியில் கொஞ்சம் வருத்தமும் உண்டு.

அவளுக்கு ரேடியோ பிடித்துப்போனது ஒரு புயலில். அவர்கள் வீடு இருக்கும் கும்மிடிப்பூண்டியில் கரண்டும் இல்லை, செல்போனில் ஒரு கோடுகூட இல்லை. ராபின் பஸ்ஸோடு எங்கோ மாட்டிக்கொண்டிருந்தார். பரணில் கிடந்த பழைய ரேடியோவுக்கு டார்ச்சில் இருந்த பேட்டரியைப் பிடுங்கிப் போட்டாள். எந்தெந்தச் சாலையில் தண்ணீர் நிற்கிறது, எது திறந்திருக்கிறது என்று அது ஒவ்வொன்றாகச் சொன்னது. ராபின் வந்து சேரும்வரை அவளுக்கு அதுதான் துணை. தண்ணீர் வடிந்த பிறகும் அவள் அதை அணைக்கவில்லை. மீடியம் வேவில் பகலில் சென்னையும் ஆந்திரா பக்கத்துத் தெலுங்கும் வந்தன. ஷார்ட்வேவைத் திருப்பினால் சாயங்காலத்தில் எங்கோ கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு ஒருத்தி அட்சர சுத்தமாகத் தமிழ் பேசினாள். மெர்சிக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவள் வாங்கிய புது ரேடியோ ஒரு குப்பை. அடுத்தது அதைவிடக் குப்பை. வாங்குவதற்கு முன்னால் அவள் யூடியூபில் பார்த்த விமர்சனம் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஆட்கள். பெட்டியைக் கிழிக்கும்போதே "சூப்பர் பிராடக்ட் ஃபிரண்ட்ஸ்" என்று ஆரம்பித்து, கைப்பிடியைக் காட்டி, லைட் எரிவதைக் காட்டி, எஃப்.எம்மில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு முடித்துவிடுவார்கள். ஒருத்தன்கூட மீடியம் வேவைத் திருப்பிக் காட்டவில்லை. ஷார்ட்வேவ் என்று எழுதியிருப்பதை விரலால் தொட்டுக் காட்டியதோடு சரி.

"இவனுங்க ரேடியோவக் காதால கேக்கல, கண்ணால பாக்கறானுங்க" என்றாள் மெர்சி. மறுநாளே ராபின் கையில் போனைக் கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னாள். அவள் பாராட்டிய ரேடியோக்கள் மிகச் சில. மீதிக்கு அவள் சொன்ன பெயர்கள், சோப்பு டப்பா, வண்டு அடைத்த டின், பேட்டரி தின்னும் பொம்மை. ஜனங்கள் விழுந்து விழுந்து பார்த்தார்கள்.

அப்படித்தான் திருநின்றவூரில் இருந்து வெங்கடேசன் அவள் வீட்டைத் தேடி வந்தான். எங்கிருந்தோ சரக்கு இறக்கி, 'ராகதீபம் டீலக்ஸ்' என்று தன் பெயர் ஒட்டி விற்கிறவன். சட்டையில் செண்டு வாசனை, வாயில் மேடம்.

"கையில வாங்கிப் பாருங்க மேடம். வெயிட்டு எப்படி? இப்ப எவன் மேடம் இவ்ளோ கனமா செய்றான்? பத்து பேண்டு. ஒலகம் பூரா எடுக்கும்."

"தேங்காயா வாங்குறேன், கனம் பாக்கறதுக்கு? வச்சிட்டுப் போங்க. நல்லா எடுத்தா நல்லாருக்குன்னு சொல்லுவேன். இல்லன்னா இல்லதான்."

"நீங்க இன்னா சொன்னாலும் சரி மேடம். ஒங்க வாயால ஒரு வார்த்த வந்தா போதும்."

அவன் போனதும் மெர்சி ரேடியோவை ஜன்னல் ஓரம் வைத்து மீடியம் வேவைத் திருப்பினாள். சென்னை மட்டும் ஏதோ கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல் வந்தது. கூடவே ஒரு இரைச்சல். வீட்டில் இருக்கும் சார்ஜர், பல்பு எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னாள். ராபின் அணைத்தார். ஃபேனையும் அணைக்கச் சொன்னாள்.

"இன்னா மெர்சி இது, பேஜாரு. வேக்குது."

"கொஞ்ச நேரம் வேர்த்தா செத்துட மாட்டீங்க."

புழுக்கத்தில் இருவரும் வேர்வையோடு உட்கார்ந்து கேட்டார்கள். அப்போதும் அதே கிணற்றுக் குரல்தான். பக்கத்தில் வைத்த பழைய ரேடியோ தெலுங்கு ஸ்டேஷனைக் கணீரென்று எடுத்தது. புதியதில் அந்த இடத்தில் வெறும் புஸ்ஸ்தான். நல்ல ரேடியோவை ஒரு சுற்றுத் திருப்பினால் ஸ்டேஷன் ஒரு பக்கம் ஏறும், ஒரு பக்கம் இறங்கும். ராகதீபத்துக்கு எந்தத் திசையும் ஒன்றுதான். எங்கே திருப்பினாலும் எடுக்கவில்லை.

சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய் ஏரியலை நீட்டி ஷார்ட்வேவைப் பார்த்தாள். பத்து பேண்டில் இரண்டு பேண்டுக்குப் பெயர்தான் வேறு, உள்ளே ஒரே சரக்கு. மீதியில் முக்கால்வாசி இடத்தில் சென்னை வானொலியே வந்து உட்கார்ந்திருந்தது. மற்ற இடமெல்லாம் கரகரவென்று அரைக்கும் சத்தம். கொஞ்ச நேரம் முள்ளை உருட்டிப் பார்த்துவிட்டு, எரிச்சலோடு கீழே வந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தாள்.

பின்மூடியைத் திறந்ததும் ராபின்தான் முதலில் பார்த்தார்.

"இது இன்னாது? எங்க வண்டி ஸ்பிரிங் பட்டைத் துண்டு மாதிரி கீது?"

கட்டைவிரல் தடிமனில் ஒரு இரும்புத் துண்டு, பசை போட்டு உள்ளே ஒட்டியிருந்தது. எந்தக் கம்பியும் அதற்குப் போகவில்லை. கனத்துக்காக வைத்தது. அதை வைத்த இடம்தான் விசேஷம். மீடியம் வேவைப் பிடிப்பது செம்புக் கம்பி சுற்றிய ஒரு கறுப்புக் குச்சி. அந்தக் குச்சியை ஒட்டிக்கொண்டே இரும்பு படுத்திருந்தது. குச்சிக்கு வர வேண்டியதை அது தின்றுகொண்டிருந்தது.

மெர்சி அதை நெம்பி எடுத்தாள். ரேடியோவைப் போட்டாள். தெலுங்கு ஸ்டேஷன் வந்தது. ரொம்பப் பிரமாதம் இல்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

ரேடியோ நன்றாகப் பாடப் பாட அவளுக்குக் கோபம் ஏறியது. "ஒண்ணுத்துக்கும் ஆகாத டப்பாவா இருந்தா தூக்கிப் போட்டுட்டு வுட்டுருவேன். இது பாடற ரேடியோங்க. பாடற ரேடியோவுக்கு வாய்ல துணிய அடைச்சி விக்கிறான் அந்தக் கஸ்மாலம்."

அந்தச் சூட்டிலேயே வீடியோ எடுத்தார்கள். மெர்சி இரும்புத் துண்டை முதலில் காட்டவில்லை. நக்கலாக ஆரம்பித்தாள். "இந்த மாதிரி ஒரு ரேடியோவ என் வாழ்நாள்ல நான் பாத்ததில்ல. கையில புடிச்சா இன்னா கனம்! சென்னை ஸ்டேஷன எட்டு எடத்துல எடுக்குது, வேற எந்த ரேடியோவுக்கு இந்தத் தெறம கீது?" அப்புறம் இரும்பை எடுத்து மேஜைமேல் ணங்கென்று போட்டாள். "ஷார்ட்வேவா? அது செத்த பொணம். அதப் பத்திப் பேசறதே வேஸ்ட்டு" என்று முடித்தாள்.

வீடியோ எங்கெங்கோ சுற்றியது. வெங்கடேசனிடம் இருந்து சத்தமே இல்லை. கோபித்துக்கொண்டான் போல என்று மெர்சி நினைத்தாள்.

அப்புறம் ஒருநாள் ஆர்.கே.பேட்டைப் பக்கத்தில் இருந்து ஒரு போன். பேசியவர் பச்சையப்பன் என்ற நெல் விவசாயி. அவர் மகள் செல்வி யூடியூபில் நம்பரைத் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

"மெர்சியம்மாதான? ஒங்க ரேடியோ வாங்கினேம்மா. ஸ்டேஷனே சரியா வரல."

"என் ரேடியோவா? நான் எங்க ரேடியோ விக்கிறேன்?"

"அட்டையில ஒங்க படம்தான கீது?"

செல்வி அந்த அட்டைப் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பினாள். பெட்டியின் நெற்றியில் மெர்சி சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கொட்டை எழுத்தில்: 'இந்த மாதிரி ஒரு ரேடியோவ என் வாழ்நாள்ல நான் பாத்ததில்ல. இன்னா கனம்! - மெர்சி, ரேடியோ நிபுணர்.'

மெர்சி உடனே வெங்கடேசனுக்குப் போன் போட்டாள். அவன் பதறவே இல்லை.

"நீங்க சொன்ன வார்த்ததான மேடம்? ஒரு எழுத்து மாத்தினேனா? ஆர்.கே.பேட்டை வரைக்கும் ஒங்கள ஃபேமஸ் ஆக்கி வுட்டிருக்கேன். தேங்க்ஸ் சொல்லணும் நீங்க."

மூடி கம்பெனியில் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறாள். அன்றைக்குப் போனை வைத்துவிட்டு, "பல்லி. செவுத்துல ஒட்டிக்கினு கீற பல்லி" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்ததும் ராபினின் பைக்கில் இருவரும் ஆர்.கே.பேட்டைக்குக் கிளம்பினார்கள். வெயிலில் நெடுந்தூரம். வழி நெடுக அவள் வெங்கடேசனைத் திட்டிக்கொண்டே வந்தாள். ஹெல்மெட் போட்டிருந்ததால் ராபினுக்குப் பாதிதான் கேட்டது.

பச்சையப்பன் அவர்களை மோட்டார் கொட்டகைக்கே கூட்டிப்போனார். அங்கேதான் அவர் ரேடியோ கேட்பார். மழைச் செய்தி, வேளாண் செய்தி, அதற்கு மேல் அவருக்கு எதுவும் வேண்டாம்.

"கடையில ரெண்டு ரேடியோ வச்சிருந்தான்மா. ரெண்டையும் தூக்கிப் பாத்தேன். இது நல்லா கனமா இருந்துச்சு. ஒங்க படமும் இருந்துச்சு. எடுத்துட்டேன்."

"தூக்கிப் பாத்தீங்க. ஒரு தபா போட்டுக் கேட்டீங்களா?"

"எஃப்.எம்ல பாட்டுப் போட்டான்."

"அது போதும்னு வந்துட்டீங்க. மாடு வாங்கினா பல்லப் பாக்காம வாங்குவீங்களாய்யா?"

"நைனா, போட்டுக் கேளுன்னு நான் அப்பவே சொன்னேன்ல?" என்றாள் செல்வி. பச்சையப்பன் தலையைச் சொறிந்தார். மெர்சி மூடியைத் திறந்து இரும்பை நெம்பி எடுத்து அவர் கையில் கொடுத்தாள். ரேடியோவைப் போட்டதும் சென்னை சுத்தமாக வந்தது. அவர் இரும்பையும் ரேடியோவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது எதுக்கும்மா உள்ள?"

"ஒங்க கைக்கு."

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வந்ததற்கு ஷார்ட்வேவையும் ஒரு தடவை திருப்பிக் காட்டி, அது எவ்வளவு கேவலம் என்று நிரூபித்துவிட்டுப் போகலாம் என்று அவளுக்குத் தோன்றியது. வரப்பில் நின்று ஏரியலை நீட்டினாள். மோட்டார் நின்றிருந்தது. சுற்றிலும் ஒரு லைட் கிடையாது.

முள் கொஞ்சம் நகர்ந்ததும் அந்தப் பெண் பேசினாள். கடல் தாண்டி இருக்கிற அதே குரல். லேசாக அலையடித்தது, ஆனால் தெளிவாக இருந்தது. மெர்சி முள்ளை நகர்த்தினாள். வேறொரு பாஷையில் ஒருத்தன் செய்தி வாசித்தான். இன்னும் நகர்த்தினாள். ஏதோ பாட்டு.

ராபின் வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "இன்னாமோ செத்த பொணம்னு சொன்ன. பேசுது?"

மெர்சிக்கு முகம் சுருங்கிப்போனது. அவள் வீட்டு மொட்டை மாடிக்கு நேர் எதிரே டிரான்ஸ்ஃபார்மர். கீழே வெல்டிங் பட்டறை. ஷார்ட்வேவை எடுப்பது ஏரியல், இரும்புக்கு அதில் வேலை இல்லை; அரைத்த சத்தம் டிரான்ஸ்ஃபார்மரும் பட்டறையும் போட்டது. மீடியம் வேவுக்குப் பழைய ரேடியோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள், ஷார்ட்வேவுக்கு அதைச் செய்யவில்லை. வேறு இடத்துக்கும் கொண்டுபோகவில்லை. எரிச்சலில் உருட்டிவிட்டு, பொணம் என்று ஊருக்கே சொல்லிவிட்டாள். மூடியைத் தொட்டுப் பார்க்காமல் சிவப்புக் கூடையில் போடுகிற பெண்ணை அவள் எத்தனை தடவை திட்டியிருப்பாள்.

பச்சையப்பனுக்கு இது எதுவும் பெரிதாகப் படவில்லை. "அவ்ளோ தூரத்துல கீறவன் என் நெல்லப் பத்தி இன்னா சொல்லப் போறான்? சென்னையே வைம்மா" என்றார்.

திரும்பும் வழியில் ஆர்.கே.பேட்டையில் அந்தக் கடையில் இறங்கினார்கள். வாசலிலேயே ராகதீபம் அடுக்கியிருந்தது. வரிசை வரிசையாக மெர்சி சிரித்தாள். கடைக்காரர் தணிகைவேல் பெட்டியையும் அவளையும் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். அவள் பச்சையப்பனிடம் வாங்கி வந்த இரும்புத் துண்டை மேஜைமேல் போட்டுக் கதையைச் சொன்னாள். அவர் அதிர்ச்சி அடையவில்லை.

"தெரியும்மா. எல்லாத்துலயும் வைக்கிறான். லேசா இருந்தா டூப்ளிகேட்டுன்னு கஸ்டமரு திருப்பிக் கொண்டாந்து வீசறான். நான் இன்னா பண்ணட்டும்?"

"கழட்டிட்டு விக்கலாம்ல?"

"கழட்டிட்டு வித்தா நீங்க வந்து வாங்குவீங்களா? இவங்கதான வாங்கணும்?" என்று தெருவைக் காட்டினார்.

மெர்சி தன் படத்தைக் கிழிக்கச் சொன்னாள். அவர் அதற்கு ஒத்துக்கொண்டார். ஆனால் கிழித்தால் பெட்டி பாழாகும் என்று, விலைச் சீட்டை எடுத்து ஒவ்வொரு பெட்டியிலும் அவள் முகத்தின்மேல் ஒட்டினார். ராபினும் உட்கார்ந்து ஒட்டிக் கொடுத்தார். அவருக்கு அது பிடித்திருந்தது போல் தெரிந்தது.

அந்த வாரமே அவள் இரண்டாவது வீடியோ போட்டாள். பெட்டியில் இருப்பது தன் பாராட்டு இல்லை, கேலியை வெட்டி ஒட்டியது என்றாள். ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் எந்தத் திருகைக் கழற்றி எந்த இரும்பை எடுக்க வேண்டும் என்று காட்டினாள். கடைசியில், "ஷார்ட்வேவு பத்தி நான் சொன்னது தப்பு. கரண்டு சத்தம் இல்லாத எடத்துல சுமாரா எடுக்குது. நான் ஒழுங்கா டெஸ்ட் பண்ணல. ஆனா செஞ்சவன் ஃபிராடுதான், அதுல மாத்தம் இல்ல" என்றாள்.

இரும்பைப் பிடுங்கின படங்களைப் பல ஊர்களில் இருந்தும் அனுப்பினார்கள். ஒருத்தர் அதைப் பேப்பர் பறக்காமல் இருக்க வைத்திருந்தார். வெங்கடேசன் அடுத்த சரக்கில் அவள் படத்தை எடுத்துவிட்டு யாரோ ஒரு சிரிக்கும் டாக்டர் படத்தைப் போட்டான். ரேடியோவுக்கும் டாக்டருக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. சரக்கு போய்க்கொண்டுதான் இருந்தது. வீடியோவுக்குக் கீழே பாதிப் பேர் மெர்சியையே திட்டியிருந்தார்கள். மொதல்லயே ஒழுங்கா பாத்திருக்கலாம்ல, நீயும் அவனுங்க மாதிரிதானா என்று. அவள் ஒவ்வொன்றையும் படித்தாள். எதையும் அழிக்கவில்லை.

இப்போது எந்த ரேடியோ வந்தாலும் ஞாயிறு சாயங்காலம் தேர்வாய் கண்டிகை ஏரிக்கரைக்குக் கொண்டுபோய்விடுகிறாள். அங்கே கம்பி எதுவும் பக்கத்தில் இல்லை. ராபின் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு பைக்கில் சாய்ந்து நிற்பார். போன வாரம் ஒரு சின்னக் கறுப்பு ரேடியோ. அவள் வெகு நேரம் அதைக் காதோரம் வைத்துக்கொண்டு முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"நல்லாருக்கா?" என்று கேட்டார் ராபின்.

"கேக்க வுடுங்க" என்றாள் மெர்சி.